ஓர் எழுத்தும் மாறாத மனு

கையெழுத்துப் போட்டதும் தாளை ஊதுவார். பால்பாயின்ட் பேனா மைக்கு ஊத வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. தலையாட்டிவிட்டு மறுபடியும் ஊதுவார். பிறகு தாளை மூன்றாக மடித்துப் பையில் வைத்து, ஓட்டுநர் சீருடையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பணிமனை மேலாளரின் அறைக்கு நடப்பார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்தேகால். பதினான்கு வருடமாக இதில் மாற்றமில்லை.

பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவர். பணிமனையில் எல்லோருக்கும் அவர் மனுக்காரர். மனு ஒன்றே ஒன்றுதான்: பேருந்துகள் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் பணியாளர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அங்கே இருப்பதெல்லாம் ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு நீண்ட மதில். மதிலின் நிலைமையை விவரிக்காமல் விடுகிறோம்.

இந்தப் பதினான்கு வருடத்தில் எட்டு மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள். ஒருவர் மனுவைப் படித்தார். ஒருவர் படிக்காமலே அனுதாபப்பட்டார். இன்னொருவர், தான் இருக்கும்வரை நடக்காது என்று நேராகவே சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனுக்காரர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. மேலாளர் மகளின் தேர்வு முடிவை விசாரித்து, மேலாளரின் முதுகுவலிக்குத் தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரையும் சிபாரிசு செய்துவிட்டுத்தான் மனுவை மேஜையில் வைப்பார். “நாம கேட்டுக்கிட்டே இருப்போம் தம்பி. ஒருநாள் அவங்களுக்கே சலிச்சுப்போய்க் குடுத்துருவாங்க” என்பதுதான் அவருடைய போராட்டக் கொள்கை. இளம் ஓட்டுநர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். சங்கத் தேர்தல் வந்தால் அவருக்கே ஓட்டுப் போடுவார்கள். மாதாமாதம் அந்த அறைக்குள் போய் நிற்க வேறு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

வீட்டிலும் இதே கொள்கைதான். சமையலறைக் குழாய் எட்டு மாதமாக ஒழுகுகிறது. பொறுத்துப் பார்த்த மனைவி ஒருநாள், “நானும் மனுவே எழுதிட்டேன், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க” என்று ஒரு தாளை நீட்டினார். மனுக்காரர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்துவிட்டு, தேதி இல்லையே என்றார்.

மனுவில் ஓர் எழுத்தை மாற்றவும் அவர் சம்மதிப்பதில்லை. அதில் ‘ஆண் பணியாளர்களுக்கு’ என்று இருக்கிறது. எழுதிய நாளில் வேறு பணியாளர்கள் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் பெண் நடத்துநர்கள் வந்தார்கள். இப்போது பதின்மூன்று பேர். அவர்களில் மூத்தவர், விசில் இல்லாமல் குரலாலேயே பேருந்தை நிறுத்தக்கூடியவர், வருடத்துக்கு இரண்டு முறையாவது வந்து அந்த வார்த்தையைத் திருத்தச் சொல்வார். மனுக்காரர் பதறிப்போவார்.

“ஒரு வார்த்தைய மாத்தினாலும் அது புது மனு ஆயிரும்மா. புது நம்பர் போட்டு அடியில வெச்சிருவாங்க. இத்தனை வருஷ சீனியாரிட்டி போயிரும். முதல்ல இது வரட்டும், உங்களை அப்புறம் சேர்த்துக்கலாம்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அலுவலக வழக்கம் அதுதான். ஆகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினார்கள். தாங்க முடியாதபோது, எதிரே உள்ள மருத்துவமனைக்குள் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு நுழைவார்கள். போன கோடையில் மூத்த நடத்துநர் சிறுநீர்த் தொற்று வந்து அதே மருத்துவமனையில் மூன்று நாள் நிஜமாகவே படுத்துக் கிடந்தார். மனுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். மனுவின் நிலவரத்தையும் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில் அவருடைய கொள்கைதான் ஜெயித்தது. ஒன்பதாவது மேலாளர் பதவியேற்ற வாரம் தன் அலமாரியைத் திறந்தார். ஒரே மனு, ஒரே எண், நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பிரதிகள். தன்னுடைய கோப்புகளை வைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே அவர் அனுமதி வாங்கிக் கொடுத்தார் என்று பேச்சு. எப்படியோ, கேட்டது கேட்டபடியே கட்டிவிட்டார்கள். வெள்ளை ஓடு, கதவு போட்ட மூன்று சிறு அறைகள், கை கழுவ இரண்டு குழாய். வாசல் கதவில் மார்பளவு உயரத்தில் ஒரு நீலப் பலகை: ‘ஆண்கள் மட்டும்’.

திறப்பு அன்று மேலாளர் பேசினார். தலைமை என்றால் பொறுமை, அதை இவரிடம்தான் கற்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தகரக் கூரையின் கீழ் நின்ற பதின்மூன்று பெண்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை மனுக்காரரால் தாங்க முடியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவர் தலைகுனிந்து நின்றபோது, மூத்த நடத்துநர் பக்கத்தில் வந்தார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்ல மனுக்காரருக்குத் தெரியும்.

“நல்லா கட்டியிருக்காங்கண்ணே. எங்களோடதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?”

மனுக்காரர் ஓய்வுபெற இருபது மாதம்தான் பாக்கி. அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் காத்திருந்ததற்காக அல்ல, இவர்களைக் காக்க வைத்ததற்காக. சாவியை அந்த அம்மாளின் கையில் வைத்தார்.

“உள்ள போங்கம்மா. தாழ்ப்பாள் புதுசு. மத்தவங்களையும் கூப்பிடுங்க.”

ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் உள்ளே போனார்கள். வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். மேலாளர் விதிமுறை என்று ஏதோ தொடங்கினார். அதை எழுத்து மூலம் தரும்படி மனுக்காரர் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தி, நீலப் பலகை முழுவதும் மறையும்படி அதன்மேல் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.