ஓடுபாதையின் மறுமுனை

விதுசன் ருமேனியாவுக்குப் போனது ஆடி அமாவாசையன்று. காலையில் கோட்டையடிக் கடலில் இறங்கி, செத்துப்போன ஐயாவுக்கு மகன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, தலை காயாமலே ஓர்ஸ் ஹில்லில் வந்து நின்ற விமான நிலைய வான் வண்டியில் ஏறினான். அம்மா அழுதா. அக்கா சிவரூபிக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. வான் வண்டி புறப்படுகிற அவசரத்தில் அவன் கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு அவளுடைய கைக்குள் திணித்தான்.

"ஆவணியில கார் ஓட்டப் போட்டி இருக்கக்கா. பேர் குடுத்திட்டன். உங்கட பேரைத்தான்."

பகிடி என்றுதான் நினைத்தாள். கதவு சாத்தியபிறகு கண்ணாடிக்குள்ளே தெரிந்த முகத்தில் சிரிப்பில்லை.

அந்தக் கார் ஒரு பழைய ஹொண்டா சிவிக். வெளியே பார்த்தால் பரம சாது. வாரநாட்களில் சாம்பல்தீவிலிருந்து வெளிக்கிட்டு, வழியில் ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும். சிவரூபி ஓட்டினால் கையில் பிளேன்ரீக் கோப்பை வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது என்று அவர்கள் சொல்வார்கள். முன்மூடியைத் திறந்தால்தான் தெரியும், தம்பி உள்ளே வேறொரு மிருகத்தைக் கட்டி வைத்திருப்பது. கொழும்பிலிருந்து எஞ்சின் எடுப்பித்து, ஊரில் இருந்த காலமெல்லாம் அதன் கீழேயே படுத்துக் கிடந்தவன். இரண்டு தரம் போட்டிக்கும் கொண்டுபோனான். முதல்முறை மழை என்று திரும்பி வந்தான். அடுத்தமுறை கிளச் எரிந்த மணம் வந்தது என்று திரும்பி வந்தான். அதற்குள் வேலைக்கு விசா வந்துவிட்டது.

"கூட்டாளிமார் ஓடினால் எஞ்சினைச் சாப்பிட்டுப்போடுவாங்கள்," என்றான் தொலைபேசியில். "நீங்கள் எண்டால் பக்குவமா ஓடுவீங்கள். ஓடி முடிச்ச நேரம் அடிச்சுக் குடுக்கிற கடதாசித் துண்டைப் படமெடுத்து அனுப்புங்கோ. எனக்கு அதுவே காணும்."

ஏலாது என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தாள். அங்கே குளிர், அறையில் எட்டுப் பேர் என்று அவன் கதையை மாற்ற, போர்வை இருக்கிறதா என்று இவள் கேட்கத் தொடங்கிவிடுவாள்.

அவளுடைய பயம் இரண்டு வகை. உடம்புக்கு ஏதும் வந்துவிடுமோ என்பது ஒன்று. அதைவிடப் பெரியது காருக்கு ஏதும் வந்துவிடுமோ என்பது. வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கார் ஓடுவதால்தான். போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை இறங்கும்போது ரபீக்கா டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு, எந்த நினைப்பும் இல்லாமல், "திங்கக்கிழமை வந்துருவீங்கதானே?" என்று கேட்டார். எல்லா வெள்ளியும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு ஓம் என்று வாயால் சொன்னால் பொய்யாகிவிடும்போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

கந்தளாய்க்கு அப்பால் காட்டை வெட்டிப் போட்ட பழைய விமான ஓடுபாதையில்தான் போட்டி. வெயிலில் தார் நெளிந்தது. எரிந்த ரப்பர் மணம் தொண்டையைக் கடித்தது. ஒவ்வொரு சோடிக் காரும் கிளம்பும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ குத்துவதுபோல இருந்தது. பரிசோதிக்கிறவர்கள் பிறேக்கை, பெல்ட்டை, ரயரைப் பார்த்து, கதவில் இலக்கம் ஒட்டிவிட்டார்கள். ஏதாவது பிழை சொல்லித் திருப்பி அனுப்பமாட்டார்களா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒரு பிழையும் வைத்திருக்கவில்லை.

வரிசையில் பக்கத்தில் நின்ற வெள்ளை லான்சர் கிண்ணியா ஊர்க்காரர் இஹ்ஸானுடையது. நெல் வியாபாரி, ஆண்டுதோறும் ஓடுகிறவர். சிவிக்கின் இருக்கைகளுக்கு டீச்சர்மார் தைத்துக் கொடுத்த பூவேலை உறைகளை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஓட்டத்துக்கு வந்தீங்களா, மாப்பிள்ளை அழைக்க வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காததைக் கண்டதும் அவருடைய குரல் தணிந்தது. "பயப்பிடாதீங்க. ரயர்ல காத்தக் கொஞ்சம் குறைச்சி விடுங்க. நல்லாப் புடிக்கும்." சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைத் தேடிப் போய்விட்டார்.

அவள் ஓட்டப் பழகியது சாம்பல்தீவுக் கடற்கரையில், ஐயாவின் சின்னப் பட்டா லொறியில். வள்ளத்தடிக்கு மீன் ஏற்றப் போகும்போது மணலில் சில்லுப் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைப்பார்கள். வால்வின் ஊசியைத் திறப்பு நுனியால் அமத்தினால் காற்றுச் சீறும். ரயர் பிள்ளைத்தாச்சி வயிறுபோலப் பக்கவாட்டில் தள்ளியதும் கையை எடுக்கவேண்டும். காற்றைக் குறைப்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான். வரிசையில் நின்றபடியே இறங்கி, நான்கு சில்லுக்கும் குந்திக் குந்தி அதையே செய்தாள். அன்று காலையிலிருந்து அவள் தெரிந்து செய்த ஒரே வேலை அது.

தொடக்கக் கோட்டுக்கு வந்தாயிற்று. ஒரு பக்கம் லான்சர். தலைக்கவசத்துக்குள் தன்னுடைய மூச்சுத்தான் அவளுக்குக் கேட்டது. மஞ்சள் விளக்குகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. பச்சை.

கார் பாய்ந்தது. தம்பி கட்டி வைத்த மிருகம் இதுதானா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் இரண்டாவது கியர் போய், மூன்றாவதும் விழுந்துவிட்டது. லான்சர் முன்னே போனது. அந்தக் கணத்தில் அவளுக்குக் கீழே தார் களியாகிப்போனது. கார் இடப்பக்கம் சரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள், அது கேட்டுக்கொண்டு, ஒரு கணம் பிந்தி, அளவுக்கு மீறி வலப்பக்கம் வந்தது. பின்பக்கம் வலையில் அகப்பட்ட சுறாவைப்போல அடித்தது. பக்கத்துத் தடுப்பில் கட்டிய மண்மூட்டைகள் முகத்துக்கு நேரே வந்து விலகின. பிறேக்கில் கால் போனது. மணலில் பிறேக் பிடிக்காதே, சில்லு புதையும் என்ற ஐயாவின் பழைய சத்தம் எங்கிருந்தோ வந்து காலை நிறுத்தியது. மணல் எங்கே, தார் எங்கே என்று யோசிக்க அப்போது நேரமில்லை. அக்சிலேற்றரிலிருந்து மட்டும் காலை மெல்ல எடுத்தாள். கார் இரண்டு தரம் ஆடி அடங்கி, தள்ளாடித் தள்ளாடி நேரானது.

பாதி வழிதான் வந்திருந்தது. வலப்பக்கத்தில் வெளியேற ஒரு பாதை. கொடி பிடித்தவர் அதைக் காட்டினார். அதில் திரும்பினால் காருக்கும் அவளுக்கும் இனி ஒரு ஆபத்துமில்லை. திரும்பினால் துண்டும் இல்லை. குச்சவெளிக்கு டீச்சர்மாரை ஏற்றிப்போகிற வேகத்தில் நேரே போனாள். முடிவுக்கோட்டைத் தாண்டியது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஓடுபாதை முடிகிற இடத்தில் கயிற்றுக்கு அப்பால் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தா. சிவரூபி காரை நிறுத்தி இறங்கினாள். சில்லோடு சாய்ந்து நிலத்தில் குந்திவிட்டாள். அந்த அம்மா கிட்ட வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினா.

இஹ்ஸான் லான்சரைத் திருப்பிக்கொண்டு வந்தார். ரயர்களைப் பார்த்தார். சில்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"எந்தக் கடக்கரைக்குத் தங்கச்சி போறதுக்கு நினைச்சீங்க?"

அவள் மணற்கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். "என்ட வாயாலதான் வந்தது. எவ்வளவெண்டு சொல்லியிருக்கணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு, கால் பம்பை எடுத்து நான்கு சில்லுக்கும் தானே காற்றடித்தார்.

துண்டில் இருந்த நேரத்தைக் கண்டால் சைக்கிள்காரனும் சிரிப்பான். அதைப் படமெடுத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தம்பிக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை கார் குச்சவெளிக்குப் போனது. ரபீக்கா டீச்சர் வழக்கம்போலப் பின்னுக்கு ஏறி, இண்டைக்கு ஏன் இவ்வளவு மெதுவாய் என்று மட்டும் கேட்டார். அம்மாவோடு விதுசன் கிழமைதோறும் கதைத்தான், குளிரைப்பற்றி, சாப்பாட்டைப்பற்றி. காரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் எஞ்சினின் மானத்தை அக்கா கெடுத்துவிட்டாள் என்ற கோபம் அவனுக்கு என்று சிவரூபி எண்ணிக்கொண்டாள். அந்தத் துண்டை முன்கண்ணாடியின் மூலையில் செருகி வைத்தாள். வெயிலில் அதன் எழுத்து மங்கிப்போனது. மாரி வந்து, கடல் குழம்பி, திரும்பவும் தெளிந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் டீச்சர்மாருக்காகக் காத்துநின்றபோது போன் அதிர்ந்தது. விதுசன் எழுதியிருந்தான்.

"அக்கா, அந்தத் துண்டின்ர படத்தை இன்னும் அழிக்கேல்லை. உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். அண்டைக்கு மழையும் பெய்யேல்லை, கிளச்சும் எரியேல்லை. ரெண்டு தரமும் வரிசையில நிண்டுபோட்டுப் பயத்தில திரும்பி வந்தனான். அதுதான் உங்கட பேரைக் குடுத்தது. கோவிக்காதேங்கோ. ஓடுபாதை முடியிற இடத்தில என்ன இருக்குதக்கா?"