போதகர் சொன்னதை நான் நம்பினேன்

விவாகரத்து வாங்கிய பிறகு மூன்று வருடம் எனக்குத் திருவிருந்து கிடையாது. கை நீட்டுகிறவனோடு இனி வாழ முடியாது என்று ஊரப்பாக்கத்தில் தனியாக வீடு பார்த்துக்கொண்டதுதான் நான் செய்த குற்றம். மறுபடி அவனோடு சேர்கிற வரைக்கும் எனக்கு அப்பமும் திராட்சை ரசமும் தரக்கூடாது என்று சபைக் கமிட்டி முடிவெடுத்தது. போதகரும் தலையாட்டினார். அடித்தவன் வேறொரு சபையில் சேர்ந்து ஜம்மென்று வாங்கிக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் பெருங்களத்தூர் ஆலயத்தை விடவில்லை. எதற்கு விட வேண்டும்? மாதத்தின் முதல் ஞாயிறு, வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போவார்கள். என் வரிசை எழும்போது நான் கால்களை ஒடுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன். என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்கள்கூடக் கண்ணைப் பார்க்காமல் தாண்டிப் போவார்கள். பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் போதகர் வழக்கமாக டேப்லெட்டைப் பார்த்து வாசிப்பார். பாதிப் பேர் மதியச் சாப்பாட்டை யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முதல் ஞாயிறு, ஆண்டவர் பாவிகளோடு பந்தியிருந்ததைப் பேச எடுத்தவர், நடுவில் டேப்லெட்டை மூடி வைத்தார். குரலே மாறிவிட்டது.

“இந்த மேசைக்குச் சொந்தக்காரர் ஆண்டவர். வர்றவங்களைத் தடுத்து நிறுத்த வாசல்ல நமக்கு யாரும் வேலை போட்டுக் கொடுக்கல. அவர் கூப்பிடறார். எழுந்து வாங்க.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி அதிகாரத்தோடு, நேராக ஆண்டவர் வாயிலிருந்து வந்தது மாதிரி ஒன்றைக் கேட்டதே இல்லை. வெளியே ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன்கூடக் காதில் விழவில்லை. “ஐயா இன்னைக்குப் பின்னிட்டார்” என்று பக்கத்தில் இருந்த அக்கா கிசுகிசுத்தார்.

திருவிருந்து தொடங்கி, என் வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன்.

அக்கா கையைப் பிடித்தார். “நீ எங்க போற?”

“ஐயா கூப்பிட்டாரே, கேட்கலையா அக்கா?”

பீடத்தின் முன் முழங்கால் போட்டு உள்ளங்கையை விரித்தேன். அப்பத் தட்டோடு வந்த போதகர் என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு என்னைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தார். என் வரிசை எழுந்து போனது. நான் எழவில்லை. அடுத்த வரிசை வந்து என் இருபுறமும் முழங்கால் போட்டது. மறுபடியும் தாண்டினார். கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சபைச் செயலாளர் வந்து குனிந்தார். “டீச்சர், எழுந்திருங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

நான் போதகரைப் பார்த்தேன். “பிரசங்கம் வாபஸ்னா மைக்ல சொல்லுங்க ஐயா. எழுந்து போயிடறேன்.”

அவர் அங்கியில் குத்தியிருந்த மைக் ஆனில்தான் இருந்தது. நான் சொன்னது ஆலயம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது.

போதகர் முகம் வெளுத்தது. தட்டைப் பார்த்தார். பிறகு அப்பத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, எல்லாருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது, அடக்கவில்லை.

வெளியே செயலாளர் வழிமறித்தார். “கமிட்டி சும்மா இருக்காது டீச்சர்.”

“நல்லாக் கூடிப் பேசுங்க சார். அடுத்த மாசமும் வருவேன்.”