அக்காவின் கட்டியும் ஐயாவின் பிரசங்கமும்

சாரிச் சட்டைக்கு அளவெடுக்கும் நாடா அக்காவின் இடது மார்பருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டதாம். கல்முனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளித் தையல் கடை வைத்திருந்த மருதமுனைக்கார முஸ்லிம் பெண்மணி பிறகு என்னிடம் சொன்னது இது. கையைத் தூக்கவே முடியாமல் அக்கா முகத்தைச் சுளித்திருக்கிறாள்.

“என்ன டீச்சர் இது, கல்லு மாதிரி? ஆருக்கிட்டக் காட்டின நீங்க?”

“எங்கட ஐயாவிட்டச் சொன்னனான். ஜெபம் பண்ணினவர்.”

“ஜெபம் சரி. டொக்டரிட்டப் போன நீங்களா?”

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். கட்டி வந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

ஐயா என்றது எங்கள் சபைப் போதகரை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் என் குடும்பத்தோடு இருந்தவள். பகலில் பள்ளிக்கூட ஆசிரியை, ஞாயிற்றில் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை. உடம்பைப் பற்றி யாரிடமும் வாய்திறக்காதவள், வெட்கத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு முதலில் போய்ச் சொன்னது அவரிடம்தான். “கிறிஸ்தவருக்குப் பாடு வரும் எண்டு தெரிஞ்சுதானே டீச்சர் விசுவாசத்துக்குள்ள வந்தம். இது உங்கட சிலுவை. பொறுமையாச் சுமங்க” என்றாராம். டொக்டரிடம் போனீர்களா என்ற ஒரு கேள்வி அவர் வாயில் வரவில்லை. அதை ஒரு தையல்காரிதான் கேட்க வேண்டியிருந்தது.

நானும் கேட்கவில்லை. “நெஞ்சுக்குள்ள ஒரு நோ, ஐயாவிட்டச் சொல்லியிருக்கன்” என்று அக்கா ஒருநாள் சொன்னபோது, ஐயா பார்த்துக்கொள்வார் என்று பத்திரிகையில் மூழ்கிவிட்டேன். என் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உரியது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தையல்கார அம்மா கடையைப் பூட்டி, அந்த நேரமே அக்காவை ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு மட்டக்களப்புப் பெரியாசுபத்திரி. மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டிற்று. “இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீங்க?” என்று டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். பிந்திவிட்டது என்பதை அதைவிட எப்படிச் சொல்வது? ஆனாலும் அக்கா இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள்.

இரண்டாவது வருடம் ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் வாகனம் வந்தது, அன்றிரவே கொழும்பில் தனியார் ஆசுபத்திரியில் கட்டில் கிடைத்தது, இரத்தக்குழாய் அடைப்பு நீங்கிற்று. அவர் பிழைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் வீட்டில் யாராவது சிலுவை என்ற சொல்லை எடுத்தார்களா?

அவர் திரும்பி வந்ததும் அக்கா பார்க்கப் போக வேண்டும் என்றாள். எனக்கு விருப்பமில்லை, அவளால் தனியாக நடக்க முடியாததால் கூடப் போனேன். மொட்டைத் தலையில் சாரித் தலைப்பைப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். சுகம் விசாரித்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கதைத்தாள்.

“நீங்க உடன டொக்டரிட்டப் போனது நல்ல காரியம் ஐயா. எனக்கும் அப்பிடியே சொல்லியிருக்கலாமே.”

ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

“பாடு வரும் எண்டு ஆண்டவர் சொன்னது உண்மைதான். நானும் புள்ளையளுக்கு அதத்தான் படிப்பிக்கிறன். உண்மைக்காக நிக்கக்குள்ள அடி விழும், அதத் தாங்கத்தான் வேணும். ஆனா நோயாளி ஒருத்தர் கிட்ட வரக்குள்ள, சுமந்துகொண்டு போ எண்டு அவர் எப்பயாவது அனுப்பினவரா? அவர் தொட்டுச் சுகமாக்கினவர். நீங்க என்னை வீட்டுக்கு அனுப்பிப்போட்டீங்க.”

“பிழைதான் டீச்சர்” என்றார். என் காதால் கேட்டேன். அக்கா அவருக்காக ஜெபித்துவிட்டுத்தான் எழும்பினாள். எனக்கு ஆமென் சொல்ல வரவில்லை.

நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். அடக்க ஆராதனைக்குக் கோவில் நிறைந்திருந்தது. கடைசி வரிசை வாங்கில் தையல்கார அம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஐயா பிரசங்கித்தார்: நம்முடைய டீச்சர் தன் பாடுகளை ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட உத்தம விசுவாசி, எல்லாப் பெண்களும் அவரைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

முன்வாங்கில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று பார்த்தேன். அவர்களில் யார் யார் சாரிக்குள் எதை மறைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்ததும் எழும்பிவிட்டேன்.

“அக்கா முறைப்பாடு சொன்னவ, ஐயா. உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து சொன்னவ. நீங்க பிழை எண்டு ஒத்துக்கொண்டீங்க. அதையும் இவையளுக்குச் சொல்லுங்க.”

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். ஐயா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாட்டின் இலக்கத்தைச் சொன்னார்.

எல்லோரும் எழும்பிப் பாடினார்கள்.