கோல் விழாத மைதானத்தில் இரண்டு ‘வுடு’

கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. திண்டிவனத்தில் வேலை முடிந்து விழுப்புரம் திரும்பும் சாயங்கால பஸ். ஒரு கை மேல்கம்பியில், இன்னொரு கையில் டிபன் பை. போனை வெளியே எடுக்க வழியே இல்லை. காதில் மாட்டிய இயர்போனில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் ஆடும் மேட்ச் எதுவானாலும் கோட்டுக்கு வெளியே நின்று வீடியோ எடுப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த மேட்சைப் பலமுறை பார்த்தாயிற்று. ஆனால் படம் இல்லாமல் வெறும் சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்தின் குரல் ஏறுவதை வைத்து, பந்து கோலுக்குப் பக்கத்தில் வருகிறது என்று புரிந்துகொண்டேன். அந்த நேரம் எங்கள் கோச்சின் குரல்: “வுடு!” அதே மூச்சில், பார்க்க வந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும்: “வுட்றா! வுடு வுடு வுடு!” உடனே ஒரு பெரிய ‘ச்சே’. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே வரிசை. கோச் ஒரு வுடு, கூட்டம் நாலு வுடு, ஒரு ச்சே.

பஸ்ஸுக்குள்ளேயே சத்தமாக “அட!” என்றேன். முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து, “எங்கம்மா எறங்கணும்?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் வுடு என்றால் ஓங்கி ஒன்று வுடு, கோலைப் பார்த்து உதை என்று அர்த்தம். கோச் வுடு என்றால் தொடாதே, பின்னால் வருகிறவனுக்கு விட்டுவிடு என்று அர்த்தம். அவர் போட்டுக்கொடுத்த அட்டாக் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஓரத்திலிருந்து பந்து வரும். முன்னால் இருக்கும் ஃபார்வர்டு உதைக்கப்போகிற மாதிரியே ஓடுவான். எதிர் டீமின் தடுப்பாட்டக்காரர்கள் அவன்மேல் பாய்வார்கள். அவன் காலை அகட்டிப் பந்தை விட்டுவிட, பின்னால் வருகிறவன் காலி இடத்தில் நிதானமாக உதைப்பான். பயிற்சியில் இது அவ்வளவு அழகாக விழும். மேட்சில் மட்டும் எங்கள் ஃபார்வர்டு உதைக்கவும் மாட்டான், விடவும் மாட்டான். காலைப் பாதி தூக்கிப் பாதியில் இழுத்துக்கொள்வான். பந்து அவன் முழங்காலுக்குக் கீழே பட்டு எங்கேயோ போகும்.

இந்த சீசன் பூராவும் இதே கதை. எங்கள் டீமுக்குப் பின்னால் பெரிய ஆட்கள் யாரும் கிடையாது. பார்க்க வருகிறவர்கள்தான் ஜெர்ஸி எடுக்கிறார்கள், வேன் பிடிக்கிறார்கள். அதனால் கோச் இருப்பதும் போவதும் அவர்கள் பேச்சுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் பின்பக்க மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஆரம்பித்தவர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். எங்கள் கூட்டத்திலேயே பெரிய தொண்டை அவருடையது.

“டீம் யாரு கையில கீது? அவரு கையில. கோல் வரலன்னா யாரக் கேக்கறது? கோல் போஸ்ட்டையா போய்க் கேக்கறது?”

பிரியாணிக்கடை மாமா கோச் பக்கம். “அவராடா ஷூ மாட்டிக்கினு எறங்கி ஒதைக்கப்போறாரு? பசங்க ஒதைக்கணும்.”

“பயிற்சியில ஒதைக்கறானுங்களே மாமா! மேட்ச்னா இவரு டென்ஷன் ஆயிடறாரு, பசங்களையும் பேஜார் பண்ணிடறாரு. பாண்டியில ஒருத்தரு கீறாரு, நான் பேசிட்டேன். சொன்னா ஜல்தியா வந்துடுவாரு.”

“உன் பொண்ணு கணக்குல மார்க் வாங்கலன்னா வாத்தியார மாத்திட்டியா நீ?”

“டியூஷன் மாத்துனேனே!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மாமா உட்பட யாரும் ‘மாற்ற வேண்டாம்’ என்று அடித்துச் சொல்லவில்லை. அடுத்த மேட்ச் வரும் ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில். அதிலும் கோல் இல்லையென்றால் பாண்டிக்காரர் என்று முடிவாயிற்று.

கோச் திண்டிவனத்துக்காரர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பள்ளி விட்டதும் பஸ் ஏறி விழுப்புரம் வந்து, இருட்டும் வரை எங்கள் பையன்களோடு நின்றுவிட்டுத் திரும்புகிறார். அவராக அடியிலிருந்து கட்டிய முதல் டீம் இது. தோற்ற அன்று கூட ஃபார்வர்டைப் பிறர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவித்த மல்லாட்டைக் கடலையைப் பையோடு அவன் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். டீக்கடைப் பேச்சு காதுக்கு எட்டியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “கேக்கறதுன்னா என்னையக் கேளுங்க. பசங்கள வுட்ருங்க.” சொந்த ஊர் மைதானத்தில், தன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கோச் வேலை போய்விடக்கூடிய மேட்ச்.

அந்த இரண்டு வுடுவும் பிடிபட்ட அன்றைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு ஓடினேன். ஃபார்வர்டு ஷூ கழற்றிக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக் படிக்கிறவன், என்னை அக்கா என்பான்.

“டேய், கோலுக்கு முன்னாடி பாக்ஸுக்குள்ள உனக்கு இன்னாடா கேக்குது?”

அவன் முதலில் கோச் நிற்கும் பக்கம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “வுடுன்னு கேக்குதுக்கா.”

“எந்த வுடு?”

“அதான்க்கா தெரியல. சார் குரலா, நம்ம ஆளுங்க குரலான்னு பிரிக்கறதுக்குள்ள பந்து வந்துடுது.”

“ஏண்டா இத்தினி நாளா வாயத் தொறக்கல?”

“நம்ம ஆளுங்க நமக்காகத் தொண்டை கட்டக் கத்தறாங்க. கத்தாதீங்கன்னு எப்டிக்கா சொல்றது? தலைக்கனம்னு நெனைக்க மாட்டாங்களா?”

அவனையும் இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஆட்டோ அண்ணனும் மாமாவும் வழக்கமான பெஞ்சில் இருந்தார்கள். படம் தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துச் சத்தத்தை மட்டும் கூட்டினேன்.

“இன்னா பாப்பா, ரேடியோவா?” என்றார் ஆட்டோ அண்ணன்.

“கேளுங்கண்ணா.”

கேட்டார். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை, “யாரு அது, எருமை மாரி கத்திக்கினு கீறான்?” என்றார்.

“அது நீதாண்டா,” என்றார் மாமா.

“நானா? சேச்சே. என் குரல் இப்டியா கீது?”

மாமா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் இரண்டு வுடுவையும் பிரித்துச் சொன்னேன். ஃபார்வர்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஆட்டோ அண்ணன் அவனை ஏறிட்டுப் பார்த்து, “நெசமாடா?” என்றார். அவன் தலையாட்டினான். அவர் டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். சீசன் பூராவும் அந்தக் குரல்தான் முதலில் கிளம்பும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

கோச் பந்து மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தபோது, ஆட்டோ அண்ணன்தான் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னார். நான் போட்டுக்காட்டியதைக் கோச் இரண்டு முறை கேட்டார். மேட்ச் நடக்கும்போது அவர் காதில் கூட்டத்தின் சத்தமே விழாதாம். பிறகு மூட்டையைக் கீழே வைத்தார்.

“இது உங்க தப்பு இல்லீங்க. பாக்க வர்றவங்க கத்துவாங்க, தெரிஞ்ச விசயம்தானே. அத யோசிக்காம இந்த வார்த்தைய வெச்சவன் நானு. இது என் பொறுப்புதான்.”

“பாத்தியா! நான் சொன்னேன்ல, பொறுப்பு அவருதுன்னு!” என்று ஆட்டோ அண்ணன் மாமா பக்கம் திரும்பினார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோச்சும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது சும்மா பெருந்தன்மைக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. டீம் அவருடையது, வார்த்தை அவர் தேர்ந்தது. பொறுப்பு அவருடையது என்று அண்ணன் கத்தியதில் பாதி சரிதான்.

“அப்ப வார்த்தைய மாத்திடுங்க சார், சிம்பிள்,” என்றேன் நான்.

“இப்ப முடியாதும்மா. அவன் காலு அந்த வார்த்தைக்குப் பழகிடுச்சு. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுசா ஒண்ணு சொன்னா ஓடறவன் நின்னுடுவான்.”

அப்படியென்றால் மாற வேண்டியது நாங்கள்தான். வேறு எதைக் கத்துவது என்று பெஞ்சில் பெரிய ஆலோசனை. ‘அடி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

“அடி அடின்னு கத்திக்கினு திண்டிவனம் போனா, ஒதைக்க வந்துட்டானுங்கன்னு ஊரே கெளம்பி வந்துடும் மாமா,” என்றார் ஆட்டோ அண்ணன்.

விசில் அடிக்கலாம் என்றேன். “ரெஃப்ரீ ஊதுனாருன்னு நின்னுடுவோம்க்கா,” என்றான் ஃபார்வர்டு. அன்றைக்கு யாரும் கேட்காமல் அவனாகப் பேசிய ஒரே வாக்கியம் அது.

கடைசியில் கைதட்டல் என்று முடிவாயிற்று. வெறும் கைதட்டல், முதல் பாதி மட்டும். அதிலாவது ஒரு கோல் விழுகிறதா என்று பார்ப்போம். பாண்டிக்காரரிடம் ஆட்டோ அண்ணன் இன்னும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லிக் கோச்சும் கேட்கவில்லை. கோல் வராமல் போனால் பிரச்சினை வார்த்தையில் இல்லை, அட்டாக்கிலேயே இருக்கிறது என்று ஆகிவிடும். அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

எங்களை நம்பி இதில் இறங்க முடியுமா என்பது வேறு விஷயம். அங்கேயே ஒருமுறை பார்த்தோம். ஃபார்வர்டு ஒரு காலி டீ கப்பை உதைப்பது போல ஓடினான். ஆட்டோ அண்ணன் இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து, “வு…” என்றார். மாமா அவர் வாயைப் பொத்தினார்.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பையன்களின் கடைசிப் பயிற்சிக்கு நாங்களும் போகிறோம். கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்று, பந்து பாக்ஸுக்குள் போகும்போதெல்லாம் கையை மட்டும் தட்டிப் பழக வேண்டும். சனிக்கிழமை நல்ல சவாரி நேரம். இருந்தாலும் சரியாக வந்துவிடுகிறேன் என்று ஆட்டோ அண்ணன் சொல்லியிருக்கிறார்.