வேற பார்க்குக்குப் போவோம்

மகளுக்குக் கோழிக்கோட்டில் நர்சிங் சீட் கிடைத்ததும் அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் ஒரு நாள், மலைக்குக் கீழே அடிமாலிப் பக்கம் இருக்கும் பார்க்குக்கு அவளைக் கூட்டிப் போக வேண்டும். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைக் கடப்பது எல்லாம் அங்கே உண்டு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் போய் வந்துவிட்டார்கள், இவள்தான் பாக்கி.

"வேற பார்க்குக்குப் போவோம்," என்றார் என் வீட்டுக்காரர். "எர்ணாகுளத்துப் பக்கம் இதைவிடப் பெருசா இருக்கு."

தேயிலை ஃபேக்டரியில் ஒரு நாள் லீவு போடவே ஒரு வாரம் யோசிக்கிற மனிதர். அவர் எர்ணாகுளம் வரை போகலாம் என்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மகள் ஊரைவிட்டுப் போகப்போகிறாளே என்ற பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ பிடித்த பிடியை விடவில்லை.

எனக்கும் அந்தப் பார்க்கைப் பார்க்க ஒரு காரணம் இருந்தது.

சின்னக்கானலில் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள் ஒருத்தி இருந்தாள். புருஷன் இறந்துவிட்டான், மகன் திருப்பூரில். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பாள், அதனால் நான் அவளுக்கு மதினி. இருவரும் ஒன்றாகக் கொழுந்து கிள்ளினோம், ஒன்றாகவே அந்த வேலையை விட்டோம். டூரிஸ்ட் வண்டிகள் நிற்கும் வளைவில் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டோம். அவித்த சோளம், ஆம்லெட், மத்தியானம் சோறும் குழம்பும். நான் சமைப்பேன், அவள் ஆட்களிடம் பேசுவாள். எனக்கு மலையாளம் புரியும், வாய் வராது. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

எங்கள் கடையில் ஆட்கள் கேட்டு வாங்கியது பூண்டுக் குழம்பைத்தான். பக்கத்து மலைக் கிராமமான வட்டவடையில் விளைகிற பூண்டு சின்னதாக இருக்கும், வாசனை தூக்கலாக அடிக்கும். மலைமேலே தேங்காய் விலை எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. வாங்க முடியாமல் போன ஒரு சமயம், தேங்காய்க்குப் பதிலாக அரிசியைச் சிவக்க வறுத்துச் சீரகத்தோடு பொடித்து, இறக்கும்போது தூவிப் பார்த்தேன். பிறகு தேங்காய் மலிந்தபோதும் அதை மாற்றவில்லை. அந்தப் பக்குவம் என்னைவிட்டால் அவளுக்குத்தான் தெரியும்.

ரோட்டை அகலப்படுத்த வந்தபோது தார்ப்பாய்க் கடைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் பார்க் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு சின்ன ஹோட்டல் வரப்போகிறது, நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று அவள்தான் கேட்டு வந்தாள். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறிப் போனோம், மானேஜருக்குச் சமைத்துக் காட்டினோம். அவர் குழம்பை மறுபடியும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். போன் நம்பர் கேட்டபோது, மலையாளத்தில் பேச வேண்டி வருமே என்று அவளுடைய நம்பரையே கொடுக்கச் சொன்னேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"கெடைக்கல மதினி. எர்ணாகுளத்துப் பார்ட்டி ஒண்ணுக்குக் குடுத்துட்டாகளாம்."

நான் அழுதுவிட்டேன். சட்டென்று அழுகிறவள் இல்லை நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவளும் அழுதாள். அடுப்புப் பக்கமே வராத என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் பால் ஊற்றாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். "விடு, நமக்குன்னு ஒண்ணு வராமலா போயிரும்," என்றார். எனக்கென்று இப்படி இரண்டு பேர் இருக்கிறார்களே என்று அன்று அழுகையோடு அழுகையாக ஒரு நிறைவுகூட வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தேக்கடிப் பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கல், எப்போதாவது லீவுக்கு வருவாள். வந்தால் முதல் சாயா என் வீட்டில்தான். ரிசார்ட் கதைகள் சொல்வாள். நான் அந்த எர்ணாகுளத்துப் பார்ட்டியைத் திட்டுவேன், அவளும் சேர்ந்து திட்டுவாள்.

பார்க்குக்கு நாங்கள் போன நாள் கூட்டம் குறைவு. மகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, தொப்பலாக நனைந்து, துணி மாற்றிக்கொண்டு பசி என்று வந்தாள். தண்ணீர்ச் சறுக்குக்குப் பின்னால் அந்த ஹோட்டல் இருந்தது. சின்ன ஓட்டுக் கட்டடம், வாசலில் பூத்தொட்டிகள்.

"இங்க வேணாம்," என்றார் அவர். "வெளிய கேட்டுக்குப் பக்கத்துல பொரோட்டா சூடா போட்டுக்கிட்டு இருந்தான்."

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்கப்பா," என்றாள் மகள்.

"அப்ப ஐஸ்கிரீம் எதாவது வாங்கிச் சாப்பிடுங்க. எனக்குப் பசியே இல்ல."

"நமக்குக் கெடைக்காத கடை. யாருதான் நடத்துறாகன்னு பாத்துட்டுப் போவோமே," என்று சொல்லி நான் முதலில் உள்ளே நுழைந்தேன்.

ஏழெட்டு மேசைகள் இருக்கும். கட்டம் போட்ட மேசை விரிப்பு, சுவரில் பெரிய ஒட்டகச்சிவிங்கி ஓவியம். ஈரத் தலையோடு ஒரு குடும்பம் ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சறுக்கில் இறங்குகிறவர்களின் கூச்சல் விட்டுவிட்டுக் கேட்டது. என் வீட்டுக்காரர் சமையலறைக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். சீருடை போட்ட ஒரு மலையாளப் பெண் வந்து, "ஊணு மூணு, அல்லே?" என்று சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு இலை போட்டாள். சோறு, அவியல், பப்படம் வந்தன. பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில், "இது எங்க ஸ்பெஷல், வெளுத்துள்ளிக் கறி," என்று பூண்டுக் குழம்பு வைத்தாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அரிசி வறுத்த மணம், அதன் பின்னால் சீரகம். யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நடந்து வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அம்மா, இது உன் குழம்பும்மா," என்றாள் மகள்.

நான் அவரைப் பார்த்தேன். குழம்புக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. எடுத்த எடுப்பில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு இதை வைத்தது யார் என்று கேட்டேன். "எங்க சேச்சிதான். கூப்பிடட்டா?" என்றாள். "வேணாம், வேணாம்," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

தலையில் வலைத்தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக வெளியே வந்தாள் என் பக்கத்து வீட்டுக்காரி. சாப்பிட வந்தவர்கள் பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்து, அதற்கான சிரிப்போடு வந்தாள். என்னைப் பார்த்த பிறகும் அந்தச் சிரிப்பு போக நேரமெடுத்தது.

"மதினி," என்றாள்.

"ரிசார்ட்ல இன்னைக்கு லீவா?" என்று கேட்டேன்.

அவள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க சொல்லலையா? சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீகன்னு நெனச்சேன்."

"சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் பேசிக்கிடலாம்," என்றார் அவர், இலையைப் பார்த்தபடி.

"என்னத்தச் சொல்லல?" என்றேன். "இப்பச் சொல்லுங்க."

அவள்தான் சொன்னாள், மேசை விரிப்பின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டே. மானேஜர் எங்கள் இரண்டு பேரையும்தான் வரச் சொல்லியிருக்கிறார், இங்கேயே தங்கி நடத்த வேண்டும் என்று. அவள் சந்தோஷமாக ஓடி வந்தபோது நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளைக்குப் பிளஸ் டூ வருஷம், இவ போனா வீடு என்னாகும்னாக அண்ணன். நீ மட்டும் போ, கெடைக்கலன்னு சொல்லிரு, இல்லன்னா அவ கேக்கமாட்டான்னாக. பரீட்சை முடியட்டும், நானே சொல்லிக் கொண்டாந்து விடுதேன்னாக. முடிஞ்சப்புறமும் எத்தன தடவ கேட்டேன் மதினி. பொறு, பொறுன்னே சொன்னாக."

"அன்னைக்கு என் மொகத்தத் தொடச்சுவிட்டியே," என்றேன். "கூட உக்காந்து நீயும் அழுதியே. அது எதுக்கு?"

"நெசமாத்தான் அழுதேன் மதினி."

நான் அதை நம்பினேன். நடிப்பு என்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நிஜமாகவே அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்குவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவரும் நிஜமாகவே எனக்காகச் சாயா போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்த இரண்டு பேர் தெரியாத ஒருத்திக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் என் அடுப்படியிலேயே.

மகள் இலையிலிருந்து கையை எடுத்தாள். "என்னைய எதுக்குப்பா இதுல இழுத்தீங்க? அம்மா வீட்ல இருந்தாத்தான் படிப்பேன்னு நான் சொன்னேனா?"

அவர் பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

"இப்பவாவது வந்துருங்க மதினி," என்றாள் அவள். "ஆளு பத்தல. நான் மானேஜர்ட்ட சொல்லுதேன்."

என் குழம்பு வைக்கிற இடத்துக்கு எனக்கு இவள் சிபாரிசு செய்கிறாள். அவள் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், அது முகத்தில் தெரிந்தது. "உள்ள வேலை கெடக்கும், போ," என்றேன்.

நான் சாப்பிட்டு முடித்தேன். பின்னால் இதைக் கேட்ட என் தங்கை, எப்படி உனக்குச் சோறு இறங்கியது என்றாள். பசித்தது, இறங்கியது. தவிர, அந்தக் குழம்பை நான் எப்போதும் அடுப்படியில் நின்றுகொண்டே ருசி பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருத்தர் பரிமாறிச் சாப்பிட்டதில்லை. உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. எங்காவது ஒரு குறை இருக்கிறதா என்று கடைசி வாய் வரை பார்த்தேன், இல்லை. அவளே பாயசம் கொண்டுவந்து வைத்தாள். அதை மட்டும் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து வந்தாள். அவர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அவரிடம் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ போயிருப்ப," என்றார்.

அதில் பொய் இல்லை. நான் போயிருப்பேன். மகளுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, லீவுக்கு லீவு ஓடி வந்து பார்த்துக்கொண்டு, எப்படியாவது போயிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறார்.

அடுத்த லீவுக்கு அவள் வந்து வாசலில் நின்றாள். சாயா போட்டுக் கொடுத்தேன். போடாமல் இருக்க மனசு வரவில்லை. ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினேன். அவளுக்குக் கண் கலங்கியது. நான் வெளியே காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டேன். இப்போதெல்லாம் லீவுக்குத் திருப்பூர் மகனிடம் போய்விடுகிறாள் போல, அவள் வீடு பூட்டியே கிடக்கிறது.

நான் சூரியநெல்லி ரோட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன். கேட்டது, சேர்ந்தது எல்லாம் நானேதான். முதல் நாள் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு அவரிடம் சொன்னேன். சரி என்றார். வேறு என்ன சொல்வார்.

ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் மகள் கேட்கிறாள், "அப்பாகிட்ட பேசுறியாம்மா?" பேசுகிறேன். சோறு போடுகிறேன், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். அவரும் முன்னைவிட இரண்டு வார்த்தை அதிகமாகவே பேசுகிறார். ஆனால் காலையில் நான் கிளம்பும் நேரத்தில், பஸ் போய்விட்டது என்று அவர் சொன்னால், நான் ரோடு வரை இறங்கிப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.