கடலுக்குப் போன கோணவழி

வெறுங்காலில் "ராவணன் மீசை" குத்தினால் முதலில் வலி தெரியாது. சுருக்கென்று ஏதோ தொட்ட மாதிரி இருக்கும், காலைத் தூக்கிப் பார்த்தால் ஊசி போல ஒரு நுனி உள்ளே முறிந்து நிற்கும், அதைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் குதிகாலிலிருந்து முட்டி வரைக்கும் விண்ணென்று ஏறும். எங்கள் பிள்ளைச்சாவடிக் குப்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது கடற்கரை மணலில் படர்கிற ஒரு முரட்டுப் புல். வெயில் காலத்தில் அதன் கதிர் காய்ந்து முள்ளுப்பந்து மாதிரி ஆகி, காற்றடித்தால் கரை நெடுக உருண்டு ஓடும். நாங்கள் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதைத் துரத்துவோம். பிடித்தால் கை கிழியும் என்பதால் யாரும் பிடிப்பதில்லை, துரத்துவதோடு சரி.

அந்தப் புல்லும், ஊதாப் பூ பூக்கிற "அடப்பங்கொடி"யும் சேர்ந்து பிடித்து வைத்திருந்த மணல்மேடு ஒன்று எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. நாங்கள் அதைச் சும்மா "மேடு" என்போம். எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். எனக்கு அது பெரிய நிம்மதி, ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். அடுப்பில் தண்ணீர் தெளித்தோமா இல்லையா என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கவலைப்படுவேன். அப்பா கட்டுமரத்தில் போனால் திரும்பும் வரை வாசலுக்கும் மேட்டுக்குமாக நடப்பேன். காலையில் எழுந்ததும் மேட்டில் ஏறி, அலையின் ஈரம் நேற்று எதுவரை இருந்தது, இன்று எதுவரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் பல் துலக்குவேன். "கடல யாரோ திருடிக்கினு போயிடுவாங்கன்னு இவ தெனம் எட்டிப் பாத்துட்டு வரா" என்று அம்மா தெருவுக்கே சொல்லிச் சிரிப்பாள்.

மேட்டைத் தாண்டிக் கரைக்குப் போக ஒரே வழிதான். எங்கள் வீட்டுப் பக்கத்தில் புறப்பட்டு, தெற்கே சாய்ந்து தாழம்புதர் வரைக்கும் ஏறி, அங்கே முழங்கை மாதிரி மடங்கி, வடக்கே இறங்கிக் கரையில் கொண்டுபோய் விடும். அதற்குப் பெயரே "கோணவழி". எதற்கு இவ்வளவு சுற்று என்று ஒருமுறை கேட்டேன். அம்மா மீன்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, "நேரா வழி விட்டா நாம அங்க போற மாதிரி அதுவும் இங்க வந்துடும்டி. வளைஞ்சி இருந்தா மேட்லயே முட்டிக்கும்" என்றாள். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமாக யாரும் பேசிக்கொண்டதில்லை. தெருவில் குப்பை எங்கே கொட்டுவது என்பது மாதிரி, எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த வழி இடைஞ்சலாகிவிடும். மாசி மகத்தன்று எங்கள் அம்மனைப் பல்லக்கில் வைத்துத் தோளில் சுமந்து தீர்த்தவாரிக்குக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். சுமப்பவர்கள் எல்லோரும் வெறுங்கால். தாழம்புதர் மடக்கில் பல்லக்கைத் திருப்பும்போது முன்கொம்பு தாங்குகிறவர்கள் வழியை விட்டுப் புல்லுக்குள் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் அப்பா முன்கொம்புக்காரர். நான் ஆறாவது படித்த வருஷம், அந்த மடக்கில் மீசை அவர் காலில் ஆழமாக ஏறி, முட்டி மடங்கி, பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மன் விழவில்லை. கழுத்து மாலை மட்டும் நழுவி மணலில் விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் நிமிர்த்திவிட்டார்கள், ஆனால் அதுவரை கொட்டிக்கொண்டிருந்த மேளம் நின்றுபோனது.

மறுநாள் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒருவரை நாங்கள் "சொல்தா மாமா" என்று கூப்பிடுவோம். அவர்தான் முதலில் எழுந்தார்.

"சாமி போற வழி பாம்பு போற வழி மாதிரியா இருக்கும்? நேரா வெட்டுங்கப்பா. நாங்க பட்டாளத்துல ரோடு போட்டா நூல் புடிச்ச மாதிரி இருக்கும்."

அம்மனே நேர்வழி கேட்கிறாள், அதனால்தான் சாய்ந்து காட்டினாள் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முதல் நாளிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் இருந்த அப்பா, "நானே மம்புட்டி எடுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நேரா வெட்டுனா எங்க வந்து முடியும், பாத்தியா? நம்ம வாசல்ல."

"அம்மனும் நம்ம வாசல்லதான் வந்து நிப்பா" என்றார் அப்பா.

அம்மா மூலையிலிருந்த மம்புட்டியை எடுத்து வெளியில் வைத்தாள். அந்த ஆசை அவளுக்கும் இருந்தது.

வெட்டினார்கள். அந்தப் புல்லைப் பிடுங்குவது லேசு இல்லை; ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மணலுக்குள்ளிருந்து தாம்புக்கயிறு மாதிரி வந்துகொண்டே இருக்கும், அது போகிற இடமெல்லாம் மேடு பிளந்துகொண்டு போகும். வெட்டிய மணலைக் கோயில் முற்றத்தில் பரப்பினார்கள். வேலை முடிந்த அன்று வாசலில் நின்றேன், கடல் தெரிந்தது. அன்றிலிருந்து நான் சாப்பிடும்போது கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை.

அடுத்த மாசி மகம் அமர்க்களமாக நடந்தது. பல்லக்கு ஒரு அசைவில்லாமல் போய் வந்தது. திரும்பும்போது அம்மனை எங்கள் வாசலில் நிறுத்தினார்கள், அம்மா கற்பூரத்தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சொல்தா மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

சித்திரை பிறந்து மதியக் கடல்காற்று எழுந்ததும் மணல் வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் மேட்டில் தங்கிய மணல் இப்போது வெட்டிய வழியாக நேரே எங்கள் சோற்றுப்பானைக்குள் வந்தது. வெட்டு தானாகவே அகலமாகிக்கொண்டே போனது. ஐப்பசியில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன ஒரு காலையில் கடல் பொங்கியது. மேட்டுக்குப் பின்னால் இருந்த மற்ற வீடுகளில் மழைத்தண்ணீர் மட்டும்தான். எங்கள் வீட்டுக்கு மட்டும், விலாசம் விசாரித்துக்கொண்டு வந்த விருந்தாளி மாதிரி, கடல் நேராக வந்தது. நாங்கள் கோயில் மண்டபத்தில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படிச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவலைப்பட்டதெல்லாம் நடந்து முடிந்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பயமே இல்லாமல் போனது நினைவிருக்கிறது. அது வேறு மாதிரியான உணர்ச்சி, அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது.

என்னை முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சித்தி தையல் மிஷின் வைத்திருந்தாள், காஜா எடுக்க ஆள் வேண்டியிருந்தது. எட்டாவது பாதியில் நின்ற பள்ளிக்கூடம் நின்றதுதான்.

அப்பா இடிந்த வீட்டை விட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்கப் போனபோது அவர் வெட்டிய வழிக்குக் குறுக்கே பனையோலை மட்டைகளை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார். முட்டி உயரம்தான், காற்றுப் போகச் சந்துவிட்ட "தட்டி". எதற்கு இடைவெளி, அடைத்துக் கட்டினால் என்ன என்று கேட்டேன். அடைத்தால் காற்று தட்டியையே தள்ளிவிடும், சந்து இருந்தால் மணலை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போகும் என்றார். அப்படித்தான் ஆனது. மணலில் தட்டி மூடினதும் அதன் மேல் இன்னொரு தட்டி. வடக்கே கனகசெட்டிக்குளத்துக் கரையிலிருந்து மீசைப்புல்லையும் அடப்பங்கொடியையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து ஊன்றினார்.

ஒரு ஞாயிறு, சொல்தா மாமா தொப்பியோடு வந்து நின்றார். "என்னா கலியா, கடலுக்குப் பந்தல் போடறியா? மொய் எவ்ளோ எழுதணும்?"

"மொய் வேணாம் மாமா, கடப்பாறையோட வந்தா போதும்" என்றார் அப்பா.

மாமா நிஜமாகவே கடப்பாறையோடு வந்தார். வந்து, தட்டி வரிசை நேராக இல்லை என்று நாளெல்லாம் குறை சொல்லிக்கொண்டே நட்டார்.

மாசி வந்தது. புது மணல் முட்டிக்கு மேல் சேர்ந்திருந்தது, புல் அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. பல்லக்கும் ஊர்க்கூட்டமும் அதன் மேல் ஏறி இறங்கினால் ஒரு நாளில் எல்லாம் போய்விடும், அடுத்த ஐப்பசிக்கு வீடு மிச்சம் இருக்காது. பஞ்சாயத்தில் இளவட்டங்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சாமி வழிய மறிச்சிப் புல்லு நட்டு வெச்சிருக்கியே அண்ணே, இது நல்லாவா இருக்கு?"

"பழைய வழியில போலாம். முன்கொம்ப நானே தாங்கறேன்."

"மறுபடியும் சாஞ்சா?"

"சாஞ்சா என் மேலதான சாய்வா?"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "குத்தறதுதான கஷ்டம்? சாக்கு விரிங்க. அம்மன் வர்ற வழியில நடபாவாட துணி விரிக்கறதில்ல? அந்த மாதிரிதான் இதுவும்."

சொல்தா மாமா முதலில் சிரித்தார். பிறகு, "எங்க வீட்ல நாலு கெடக்குது" என்றார்.

வீட்டுக்கு வீடு சாக்கு வந்தது. அரிசிச் சாக்கு, உப்புச் சாக்கு, தவிட்டுச் சாக்கு, எல்லாவற்றையும் உதறிக் கோணவழி நெடுக, மடக்கில் மட்டும் இரட்டையாக விரித்தார்கள். நான் தாழம்புதர் ஓரமாக நின்று அம்மனைப் பார்க்கவில்லை, அப்பாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லக்கு மடக்குக்கு வந்தது, கொஞ்சம் தயங்கியது, திரும்பியது. மேளம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் சாக்கு விரிப்பது எங்கள் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஏன் விரிக்கிறோம் என்று கேட்டால் வேண்டுதல் என்று சொல்கிற பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள். வெட்டிய இடம் மேட்டோடு மேடாகி, எது பழைய மணல் எது அப்பா சேர்த்த மணல் என்று தெரியாமல் போனது.

இதை இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மேடு இன்றைக்கு இல்லை. பல வருஷம் கழித்துக் கடல், எந்த வெட்டும் இல்லாமலே, மேட்டின் முன்பக்கத்தை அரித்துக்கொண்டு வந்தது. முதலில் கரை போனது, பிறகு புல், பிறகு தாழம்புதர். கடலுக்குள்ளும் கரையிலும் கட்டுகிற கட்டுமானங்களால் தெற்கேயிருந்து வர வேண்டிய மணல் வராமல் போனதுதான் காரணம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மணல் வந்தால்தானே தட்டி பிடிக்கும். பெரிய பெரிய கருங்கல்லாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கல்தான் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் அதைப் பார்க்க இல்லை. அம்மன் இறங்கக் கரை இல்லாததால் மாசி மகத்துக்குப் பல்லக்கோடு வண்டியில் ஏற்றிக் கனகசெட்டிக்குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கிற என் மகள், போன மாதம் அதே கனகசெட்டிக்குளத்தில் கரை காக்கப் புல் நடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வெயிலில் மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற கவலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனேன். தூரத்தில் அவள் தலை தெரிந்ததும் பாத்திரத்தோடு மணலில் நேராக நடந்தேன். யாரோ ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி! அப்படியே நேரா வராதீங்க, புல்லு மிதிபடும். அந்தப் பக்கம் வளைச்சி வழி விட்டிருக்கோம், சுத்தி வாங்க."

கீழே பார்த்தேன். சின்னச் சின்ன ராவணன் மீசை, நடுவே ஓலைத்தட்டி வரிசை. சுற்றிக்கொண்டு போனேன். வழி வளைந்துதான் இருந்தது, ஒரு பல்லக்கு திரும்புகிற அளவுக்கு மடக்கில் இடமும் இருந்தது. வரும் மாசி மகத்துக்கு எங்கள் அம்மன் இறங்கப்போவது அந்த இடத்தில்தான். கூட்டம் சேர்ந்தால் சுற்று வழியில் யார் போகப்போகிறார்கள், முன்கொம்பு தாங்குகிற பையன்களுக்கு மடக்கில் கால் எங்கே வைப்பதென்று யார் சொல்லுவார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மளிகைக் கடையில் சொல்லிவைத்துச் சாக்கு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மடக்கில் இரட்டையாக விரிக்க வேண்டும்.