வெள்ளிக்கிழமை எரியும் மோட்டார்

சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த மறுவருஷம், ஒச்சம்மாளின் கிணற்று மோட்டார் ஒரே மாதத்தில் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் எரிந்த காயில் சுருளை மாற்றிப் புதுக் கம்பி கட்டிக் கொடுத்தவர் திண்டுக்கல் மெக்கானிக் மீரான். அவர் கை ராசியில்லாத கை என்று ஊரே பேசியது. நானும்தான் பேசினேன், எனக்கென்ன வாய்க்குப் பூட்டா?

இன்னொரு முறை எரிந்தால் ஒச்சம்மாளின் கத்தரித் தோட்டம் காய்ந்துவிடும். மீரானுக்கோ இந்தப் பக்கம் பிழைப்பே போய்விடும். பாவம் மனிதர், சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று சைக்கிளில் வந்து மீட்டர் மாட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே காட்டியது.

"எரிஞ்சது என்னைக்குக்கா?"

"ரெண்டு தடவையும் வெள்ளிக்கெழம அப்பு. ராகுகாலம் கழிஞ்சு, சூடம் காட்டி, பன்னெண்டு மணிக்குத்தான் போட்டேன். ஒரு கொறையும் வைக்கலையே!"

மீரான் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்த நேரம் அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் இங்கே வந்து பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளி, சித்தையன்கோட்டைப் பள்ளிவாசலில் தொழுதுகொள்ளலாம் என்று முன்னாடியே வந்துவிட்டார். வோல்ட் மீட்டரை இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே மாட்டினார். ஆம்பியர் மீட்டரை, ஒரு கம்பியைக் கழற்றி நடுவில் சேர்த்தார்.

"ரெண்டுக்குள்ளயும் கம்பிச் சுருள்தான். கரண்டு ஓடுனா காந்தமாகி முள்ளத் தள்ளும். வோல்ட் மீட்டரு லைன்ல எம்புட்டுத் தள்ளு இருக்குன்னு சொல்லும். ஆம்பியர் மீட்டரு மோட்டார் எம்புட்டுக் கரண்டு குடிக்குதுன்னு சொல்லும்."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, தலையை ஆட்டிவைத்தேன்.

மணி பன்னிரண்டு. மற்ற நாளில் அவரவர் நேரம், வெள்ளியன்று மட்டும் ஊரே ராகுகாலம் கழியக் காத்திருக்கும். நாற்பது கிணற்றிலும் சூடம், நாற்பது சுவிட்சும் ஒன்றாக! லைனில் கடைசிக் கிணறு ஒச்சம்மாளுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. நானூறில் நின்ற வோல்ட் முள் முந்நூறுக்குக் கீழே சரிந்தது. எட்டில் நிற்க வேண்டிய ஆம்பியர் முள் பதினைந்தைத் தாண்டியது. மீரான் பாய்ந்து சுவிட்சை அமர்த்தினார்.

"நாப்பதும் ஒண்ணா இழுத்தா லைன் கடைசில தள்ளு பத்தாது. பத்தலைன்னா மோட்டார் முக்கி முக்கிக் கூடக் குடிக்கும், சூடேறி எரியும். என் கட்டுல கொறையில்லக்கா. அடுத்த வாரம் பதினோரு மணிக்கே போடுங்க."

"ஆத்தீ! ராகுகாலத்துலயா?"

பதறினாளே தவிர, சொன்னபடி போட்டாள். மீரான் மாட்டிவிட்டுப் போன வோல்ட் மீட்டரில் நானூறு; தொட்டியில் தண்ணீர் பொங்கியது. பார்த்த எங்களுக்குப் பொறுக்குமா? அதற்கடுத்த வெள்ளி நாற்பது பேரும் பதினோரு மணிக்கே போட்டுவிட்டோம்.

அன்று அந்தப் பக்கம் வந்த மீரான், எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஓடுவதைக் கண்டு பதறிப்போய் ஒச்சம்மாளிடம் ஓடினார். அவள் மீட்டருக்கு எதிரே காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"போடலியாக்கா?"

"முள்ளு கீழ கெடக்கே அப்பு. இவனுக அமத்தட்டும், போட்டுக்கிறேன். இனிமே நல்ல நேரம் பாக்குறது இந்த முள்ளுலதான்."

அவள் போடாததால், ஓடியதில் கடைசிக் கிணறு என்னுடையது; அன்றைக்கு எரிந்தது என் மோட்டார். வெட்கத்தை விட்டு, மீரானிடம்தான் தூக்கிக்கொண்டு போனேன்.